கட்டுமானத் தளப் பாதுகாப்பு ஆய்வை ஆலோசகராக எடுத்துச் செய்வது: முதல் அழைப்பு முதல் கடைசி பில் வரை

கம்பெனியில் சேஃப்டி ஆபீஸராகச் சில வருடம் இருந்துவிட்டு, தனியாக ஆய்வு வேலை எடுக்கலாம் என்று இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தளத்தில் எது தப்பு என்று கண்டுபிடிப்பதில் இவர்கள் யாரும் திணறிப் பார்த்ததில்லை. இடறுவது வேறு இடத்தில். கம்பெனியில் இருந்தபோது "வேலையை நிறுத்து" என்றால் நின்றது, ஏனென்றால் பின்னால் புராஜெக்ட் மேனேஜர் இருந்தார். ஆலோசகருக்கு அந்தப் பக்கபலம் கிடையாது. கேட் பாஸ்கூட அவர்கள் கொடுத்தால்தான். எதை எப்போது எழுதி வாங்குகிறீர்கள், எதை யாரிடம் முதலில் சொல்கிறீர்கள் என்ற வரிசையில்தான் உங்கள் அதிகாரம் இருக்கிறது. அதனால் படிகளை மாற்றிப் போடாதீர்கள். உதாரணங்கள் எல்லாம் தமிழ்நாட்டு அடுக்குமாடி, தொழிற்சாலைக் கட்டடத் தளங்களிலிருந்து.

1. நீங்கள் யார் இல்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஒரு தளத்தில் பாதுகாப்பைப் பற்றிப் பேச நான்கு பேர் வரலாம். முதலாமவர் அரசு ஆய்வாளர். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலிருந்து வருவார். தளத்தில் 'டிஷ்' என்றால்தான் புரியும். வேலையை நிறுத்தச் சொல்லும் சட்ட அதிகாரம் அவருக்கு உண்டு. இரண்டாமவர் காம்பிடன்ட் பெர்சன். கிரேன், ஹாய்ஸ்ட் போன்றவற்றைச் சோதித்துச் சான்று தர அரசு அங்கீகாரம் பெற்றவர். மூன்றாமவர் ஒப்பந்ததாரரின் சம்பளத்தில் இருக்கும் சேஃப்டி ஆபீஸர். நான்காமவர் நீங்கள்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி இரண்டாவது இடத்தில் இருக்கிறது. "சார், அப்படியே கிரேனுக்கும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க" என்பார்கள். அங்கீகாரம் இல்லாமல் போட்ட அந்தக் கையெழுத்து, கயிறு அறுந்த அன்று உங்கள் பெயரில் நிற்கும். மூன்றாவது இடத்திலும் ஒரு வலை உண்டு: சேஃப்டி ஆபீஸர் வைக்க வேண்டிய அளவு ஆட்கள் இருந்தும் வைக்காமல், மாதம் இரண்டு முறை வரும் உங்களைக் கணக்குக் காட்டுவது. 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில் இந்த வரம்பு 500 தொழிலாளர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் 250. ஒப்பந்தப் பத்திரங்கள் இன்னும் பழைய சட்டத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டையும் கையில் வைத்திருங்கள்.

2. கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

படிப்பு: பழைய சட்டத்தின் மத்திய விதிகள் கட்டுமான சேஃப்டி ஆபீஸருக்குக் கேட்பவை மூன்று. பொறியியல் பட்டமும் இரண்டு வருடத் தள அனுபவமும், அல்லது டிப்ளமோவும் ஐந்து வருடமும். அங்கீகரிக்கப்பட்ட தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ. பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழி. ஆலோசகருக்கு இது கட்டாயமா என்று வாதாடாதீர்கள். வாடிக்கையாளர் இதே அளவுகோலால்தான் உங்களை அளப்பார். சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்தின் ஒரு வருட மேல்நிலை டிப்ளமோவுக்கு மதிப்பு அதிகம். வாரக்கடைசியில் கிடைக்கும் சான்றிதழ்களை வரிசையாக ஒட்டிய பயோடேட்டாவைப் பார்த்து யாரும் மயங்குவதில்லை.

அந்த மூன்றாவது தகுதியைத்தான் நம் ஊர்க்காரர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்று சென்னையிலோ கோவையிலோ சென்ட்ரிங் (ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்) அடிப்பவர், கம்பி கட்டுபவர் பெரும்பாலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்துக்காரர். ஓரளவு இந்தி இல்லாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். மேஸ்திரி மொழிபெயர்த்துச் சொல்வது மேஸ்திரியின் பதில்தான்.

காகிதம்: தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு, உங்களுக்கான விபத்துக் காப்பீடு, குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு. சேவைக்கான ஜிஎஸ்டி வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். அதற்குக் கீழே இருந்தாலும் பெரிய கம்பெனிகள் எண் கேட்பார்கள். காப்பீட்டை முதல் வேலைக்கு முன்பே எடுங்கள். வேலைக்குப் பிறகு எடுத்தது முந்தைய அறிக்கைக்கு உதவும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

கருவி: சொந்த ஹெல்மெட், ஷூ, முழு உடல் பெல்ட், டேப், டார்ச், சாக்கெட் சோதிக்கும் கருவி. நான்கு வாயு காட்டும் மீட்டரை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் அளவுதிருத்தச் சான்றோடு. தளத்தில் இரவல் வாங்கிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அடுத்தவர் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசினால் எடுபடாது.

3. யார் கூப்பிடுகிறார், ஏன் இப்போது?

கட்டணம் சொல்லும் முன் இதைக் கேளுங்கள். உரிமையாளர் கூப்பிட்டால் அவருக்கு வேண்டியது ஒப்பந்ததாரரைப் பற்றிய உண்மை. ஒப்பந்ததாரரே கூப்பிட்டால் உரிமையாளரின் ஆடிட்டுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்கிறார், அதிலும் தப்பில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்குக் காட்டுவதற்கு என்றால் அறிக்கையின் வடிவமே வேறு.

விபத்துக்குப் பிறகு வரும் அழைப்பு தனி ரகம். போலீஸும் அரசு ஆய்வாளரும் விசாரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நீங்கள் எதையும் தொடவோ நகர்த்தவோ கூடாது; உங்கள் குறிப்பு நாளை நீதிமன்றத்துக்குப் போகலாம். முதல் வருடம் இந்த வகை வேலையை எடுக்காதீர்கள்.

"விசிட்கூட வேண்டாம் சார், ரிப்போர்ட் மட்டும் போதும்" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே மரியாதையாக முடித்துக்கொள்ளுங்கள்.

4. பணி எல்லையை எழுத்தில் வாங்குங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. அவசரத்தில் விடப்படுவதும் இதுவே. "நாளைக்கே வாங்க, பேப்பர் பிறகு பார்த்துக்கலாம்" என்றால், தளத்தில் நீங்கள் வெறும் விருந்தாளி. பணிக் கடிதத்தில் இவை இருக்க வேண்டும்:

எந்தப் பகுதிகள் ஆய்வில் உண்டு, எவை இல்லை. கட்டமைப்பு வடிவமைப்பு சரியா என்பது உங்கள் வேலை இல்லை என்று தனி வரியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் தூண் சரிந்தாலும் "சேஃப்டி ஆடிட் நடந்த கட்டடம்தானே" என்பார்கள்.

அறிவிக்காமல் எந்தத் தளத்துக்கும் போகலாம், படம் எடுக்கலாம், தொழிலாளரிடம் தனியாகப் பேசலாம் என்ற அனுமதி.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நீங்கள் சொன்னால் அந்த இடத்தில் வேலையை நிறுத்துபவர் யார்? அவர் பெயர், பதவி, கைபேசி எண்; அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர். உங்களுக்குச் சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை இந்த ஒரு வரிதான் தருகிறது. இதை ஒப்புக்கொள்ள மறுக்கும் வாடிக்கையாளர் மற்ற எதையும் செய்யப் போவதில்லை.

அறிக்கை யாருக்குப் போகும். உரிமையாளர் பணம் கொடுத்தால் உரிமையாளருக்கே நேரடியாக. ஒப்பந்ததாரர் வழியாகப் போகும் அறிக்கை வழியில் இளைத்துவிடும்.

கட்டணத்தை நாள் கணக்கில் பேசுங்கள். தளத்தில் ஒரு நாள் என்றால் எழுதுவதற்கும் ஏறக்குறைய ஒரு நாள் போகும், அதைச் சேர்த்துக் கேளுங்கள். குறைகள் சரிசெய்யப்பட்டதைப் பார்க்க வரும் மறுவருகையைத் தனியாகக் குறிப்பிடுங்கள். "பாதுகாப்பானது என்று சான்றளிக்கப்படும்" என்ற சொற்றொடர் கடிதத்தில் எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள். நீங்கள் பார்த்த நேரத்தில் பார்த்ததைச் சொல்லலாம். அதற்கு மேல் யாராலும் முடியாது.

5. போகும் முன் வரவழைக்க வேண்டிய காகிதங்கள்

அடுத்த இரண்டு வாரத்துக்கான வேலைத்திட்டம், சப்-கான்ட்ராக்டர் வாரியாக ஆள் எண்ணிக்கை, விபத்துப் பதிவேடு, முந்தைய ஆய்வறிக்கை, தூக்கும் கருவிகளின் சான்றுகள், சென்ட்ரிங் வரைபடம், தற்காலிக மின் இணைப்பின் வரைபடம். அவ்வளவு போதும். ஐந்து கிலோ ஃபைலைக் கேட்டால் அதைத் தயாரிப்பதில் சேஃப்டி ஆபீஸரின் ஒரு வாரம் போய்விடும். தளத்தைப் பார்க்க ஆள் இருக்காது.

வேலைத்திட்டத்தை முதலில் படியுங்கள். எந்த நாள் போவது என்பதை அது சொல்லும். சிலாப் கான்கிரீட் போடும் நாள், டவர் கிரேன் உயர்த்தும் நாள், தோண்டுதல் ஆழமாகும் வாரம். ஒன்றும் நடக்காத நாளில் போனால் பெயின்ட் அடித்த கைப்பிடிகளைத்தான் பார்ப்பீர்கள்.

விபத்துப் பதிவேட்டில் ஒன்றுமே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் வருடம் முழுவதும் ஒரு ஆணிகூடக் காலில் ஏறவில்லை என்றால், பதிவேடு எழுதப்படவில்லை என்றுதான் பொருள்.

6. உள்ளே நுழைந்ததும்

புதிய தொழிலாளிக்குத் தரும் அறிமுகப் பயிற்சியை நீங்களும் கேளுங்கள். மறுக்காமல் உட்கார்ந்தால் அது நடக்கிறதா, எந்த மொழியில் நடக்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு புராஜெக்ட் மேனேஜருடன் கால் மணி நேரம்: இன்று எங்கே என்ன நடக்கிறது, எந்தக் கூட்டத்தில் எத்தனை மணிக்குக் கண்டதைச் சொல்வீர்கள்.

உங்களோடு சுற்ற வருபவர் சேஃப்டி ஆபீஸர் மட்டுமாக இருக்கக் கூடாது. சப்-கான்ட்ராக்டருக்கு உத்தரவு போடக்கூடிய சைட் இன்ஜினியர் ஒருவரும் வேண்டும். பாதி குறைகள் நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சரியாகும், அறிக்கையும் சின்னதாகும்.

7. சுற்றும் வரிசை

புதியவர்கள் கையில் பத்துப் பக்கச் செக்லிஸ்டோடு கேட்டிலிருந்து ஆரம்பித்து, தீயணைப்பான் தேதி, முதலுதவிப் பெட்டி, போஸ்டர் என்று எழுதிக்கொண்டே மதியம் வரை தரைத்தளத்தைத் தாண்டுவதில்லை. ஆளைக் கொல்பவை ஐந்தாறு விஷயங்கள்தான். கால் களைப்பதற்குள் அவற்றைப் பாருங்கள். உச்சியிலிருந்து இறங்குங்கள், மேலே நிலைமை மணிக்கு மணி மாறும், கீழே மாறாது. தொழிலாளர் ஏறும் வழியிலேயே ஏறுங்கள், லிஃப்டில் வேண்டாம். நடுவில் ஒருமுறை வரிசையை உடைத்து, சொல்லாத தளத்துக்குள் நுழையுங்கள். உங்களுக்கு முன்னே வாட்ஸாப்பில் செய்தி போய்க்கொண்டிருக்கும்.

7.1 உயரம்

சிலாப் ஓரம், டக்ட் கட்அவுட் (குழாய்கள் போக சிலாபில் விட்ட திறப்பு), லிஃப்ட் குழி. இந்த மூன்றிலும் தடுப்பு இருக்கிறதா என்பதோடு நிற்காமல், கையால் தள்ளிப் பாருங்கள். கம்பித் துண்டில் கட்டுக்கம்பி சுற்றிய தடுப்பு பார்வைக்குத் தடுப்புதான். சாய்ந்தால் கூடவே வரும். கட்அவுட் மேல் போட்ட பிளைவுட் நகராமல் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பிணைக்காத பலகை திறந்த ஓட்டையைவிட மோசம். ஓட்டை இருப்பதே தெரியாமல் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு முன்னே அடியெடுத்து வைப்பார்.

பெல்ட் விஷயத்தில் 'போட்டிருக்கிறாரா' என்று எழுதாதீர்கள். கொக்கி எதில் மாட்டியிருக்கிறது, விழுந்தால் கீழே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு எளிது: கயிறு 1.8 மீட்டர், அதிர்வு தாங்கும் பட்டை பிரிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, பாதுகாப்புக்காக விடும் மிச்சம் 1 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்திலிருந்து சுமார் 6 மீட்டர் காலி இடம் வேண்டும். முதல் தளச் சிலாபில் காலடியில் கொக்கி மாட்டி நிற்பவர், எல்லாம் விதிப்படி போட்டுக்கொண்டே தரையில் மோதுவார். அங்கே தடுப்புதான் தீர்வு.

சாரத்தில் அடியிலிருந்து பாருங்கள்: அடித்தட்டு இருக்கிறதா, மண் அரித்திருக்கிறதா, கட்டடத்தோடு எங்கெங்கே பிணைத்திருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதி, 3.6 மீட்டருக்கு மேல் உள்ள சாரத்துக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் உயரக் கைப்பிடி கேட்கிறது. சவுக்குக் கம்புச் சாரம் இன்னும் நம் ஊரில் நிறைய உண்டு. அதைக் கண்டதும் 'தடை செய்க' என்று எழுதுவது சுலபம், சின்ன ஒப்பந்ததாரர் அதைக் கிழித்துப் போடுவதும் சுலபம். கயிறு மக்கியிருக்கிறதா, ஒட்டுப்போட்ட கம்பில் மேற்கவிவு போதுமா, பலகை இரண்டு முனையிலும் தாங்கி நிற்கிறதா என்று எழுதினால் அவர் செய்வார். நான்கு மாடிக்கு மேல் போகும் இடத்தில் இரும்புக் குழாய்ச் சாரத்துக்கு மாறச் சொல்லிக் கால வரையறை கொடுங்கள். அந்த எல்லை என் அனுபவத்தில் வைத்துக்கொண்டது, விதிப்புத்தகத்தில் தேடாதீர்கள்.

7.2 குழி

1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பக்கச்சுவர் சரிவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் முட்டுக்கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 1.2 மீட்டர் தாண்டினால் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஏணியாவது வேண்டும். தோண்டிய மண் விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். ஏணியைப் பற்றி எழுதும் பலர் மண்மேட்டைப் பற்றி எழுதுவதில்லை. சுவரை உள்ளே தள்ளுவது அந்த எடைதான், கூடவே ஓரத்தில் நிற்கும் ஜேசிபி.

குழிக்குள் மட்டும் பார்க்காதீர்கள். மேலே நிமிர்ந்து பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேலில் தடுப்புச்சுவர் வேலைக்காக மண் எடுத்தபோது மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். காம்பவுண்ட் சுவர், பக்கத்து வீட்டுக் கழிவறை, பழைய செப்டிக் டேங்க் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆள் இறங்கும் முன் யார் பார்க்கிறார்கள் என்று பெயர் கேளுங்கள். பெயர் வராவிட்டால் யாரும் பார்ப்பதில்லை.

7.3 சென்ட்ரிங்

ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ. 150 மில்லிமீட்டர் சிலாப் என்றால் சதுர மீட்டருக்கு 375 கிலோ. அதன் மேல் ஆள், கம்பி, பம்பின் அதிர்வு. இதைத் தாங்கும் முட்டுகள் நேராக நிற்கின்றனவா, கீழே பலகை அல்லது தட்டு இருக்கிறதா, ஒன்றோடொன்று குறுக்கே பிணைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஜாக்கியின் பின் தொலைந்த இடத்தில் கம்பித் துண்டைச் செருகியிருப்பார்கள். அதைத் தேடியே பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும். இரட்டை உயர இடங்களில் முட்டின் மேல் முட்டு ஏற்றியிருந்தால், வரைபடமும் அதில் பொறுப்பான இன்ஜினியரின் கையெழுத்தும் இல்லாமல் கான்கிரீட் வேண்டாம் என்று சொல்லுங்கள். பலத்தை நீங்களே கணக்குப் போட்டுத் தராதீர்கள். பணி எல்லையில் விலக்கிய வேலை அது.

பிரிப்பதும் ஆபத்துதான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்லும் குறைந்தபட்சம்: தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள சிலாபின் முட்டுக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீம் 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. இது சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு. பிபிசி (போர்ட்லேண்ட் பொசலானா சிமென்ட்) என்றால் கூடும். முட்டில் சாக்பீஸால் கான்கிரீட் போட்ட தேதி எழுதும் வழக்கம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கான்கிரீட் போடும்போது அடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் அது உடனடி ஆபத்து. எட்டாம் படிக்குப் போங்கள்.

7.4 சம்ப், செப்டிக் டேங்க்

செக்லிஸ்டுகளில் இது 'மூடிய இடம்' என்று ஒரு வரியாக இருக்கும். 'புதுசு சார், இன்னும் தண்ணிகூட விடலை, என்ன ஆபத்து' என்று தளத்தில் நினைப்பதால்தான் தனித் தலைப்புக் கொடுக்கிறேன். மூடிய புதுச் சம்ப்புக்குள் ஈரமான சென்ட்ரிங் மரம் வாரக்கணக்கில் மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை இருக்காது. பலகை பிரிக்க முதலில் இறங்கியவர் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார்.

ஆகவே இரண்டு மூடிகளையும் திறந்து, காற்று ஊதும் புளோயர் வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, கயிற்றில் மீட்டரை இறக்கி அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது. மேலே ஒருவர் நகராமல் நிற்க வேண்டும்; இறங்குபவரின் பெல்ட்டில் மேலே இழுக்கும் கயிறு வேண்டும். தளத்தில் எத்தனை சம்ப் எந்த நாளில் பிரிக்கப் போகிறார்கள் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7.5 மின்சாரம், தூக்குதல், மற்றவை

கைக்கருவிக்குப் போகும் ஒவ்வொரு வரியிலும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருக்க வேண்டும். அதன் பட்டனைத் தள எலக்ட்ரீஷியனை அழுத்தச் சொல்லுங்கள், நீங்கள் அழுத்த வேண்டாம். மேலே கிரேனோ பம்போ நின்றுபோனால் பழி உங்கள் மேல். பட்டன் வேலை செய்வது உள் இயக்கம் சரி என்பதை மட்டுமே காட்டும். எர்த் தனியாக அளக்கப்பட்டதா என்று கேளுங்கள். பிளக் இல்லாமல் ஒயரை நேராகச் சாக்கெட்டில் குச்சி வைத்துச் செருகுவது எல்லாத் தளத்திலும் உண்டு. அதற்குக் காரணம் ஸ்டோரில் இன்டஸ்ட்ரியல் பிளக் இல்லாததுதான். ஸ்டோருக்குப் போய் இருப்பைப் பாருங்கள், தொழிலாளியைத் திட்டாதீர்கள்.

கிரேனில், பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை காம்பிடன்ட் பெர்சனின் முழுப் பரிசோதனை நடந்ததா, சான்றில் உள்ள வரிசை எண்ணும் எந்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வாடகை ஹைட்ராக்களில் (ஓட்டிச் செல்லும் சிறு கிரேன்) வேறு வண்டியின் சான்று வருவது சகஜம். சுமையைக் கட்டித் தூக்கும் சிலிங்கில், எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் டேக் இல்லையென்றால் அது வெறும் பட்டை.

வெல்டிங், சிலிண்டர், லேபர் கேம்ப், குடிநீர், கழிவறை எல்லாம் பிற்பகலில் பார்க்கலாம். லேபர் கேம்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரவு தூங்காதவர் காலையில் சாரத்தில் நிற்பார்.

8. உயிருக்கு உடனடி ஆபத்தைக் கண்டால்

முதலில் ஆளை நகர்த்துங்கள், படம் பிறகு. நேராகத் தொழிலாளியைப் பார்த்துக் கத்தினால் அவர் பதறித் திரும்புவார், அதுவே விபத்து. மேஸ்திரி வழியாகச் சொல்லுங்கள்.

"பத்து நிமிஷ வேலை சார், முடிச்சிட்டு இறங்கிடுவாங்க."

"அண்ணே, முதல்ல இறங்கட்டும். இறங்கினதும் பேசுவோம், நான் இங்கேயேதான் நிக்கிறேன்."

அங்கேயே நிற்பது முக்கியம். நீங்கள் அடுத்த தளத்துக்குப் போனதும் அவர்கள் மறுபடி ஏறுவார்கள். நின்றபடியே கடிதத்தில் பெயர் உள்ளவரை அழையுங்கள். பிறகு படம். அதன்பின் அதே மணி நேரத்துக்குள் இடம், நேரம், என்ன கண்டீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று எழுத்தில் செய்தி. வாய்வார்த்தை மட்டும் என்றால் மாலைக் கூட்டத்தில் "அப்படி ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

மறுத்தால்? வாதம் செய்யாதீர்கள். ஆய்வை அங்கேயே நிறுத்தி, காரணத்தை உரிமையாளருக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டு வெளியே வாருங்கள். பார்த்துவிட்டு மீதித் தளத்தைச் சுற்றினால் நீங்களும் ஒப்புக்கொண்டதாகவே ஆகும்.

9. தொழிலாளரிடம் பேசுவது

"சேஃப்டியா இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு சார்" என்றுதான் வரும். செய்து காட்டச் சொல்லுங்கள்: "இந்தக் கொக்கியை எங்கே மாட்டுவீங்க?" "கடைசியா இங்க யாருக்கு அடிபட்டது, எங்கே கூட்டிட்டுப் போனாங்க?" இந்த இரண்டாவது கேள்வியில்தான் பதிவேட்டில் இல்லாத விபத்துகள் வெளிவரும். பெயரை எழுதாதீர்கள், அறிக்கையில் ஆள் அடையாளமும் வேண்டாம். சொன்னவருக்கு அடுத்த நாள் வேலை போனால், அந்தத் தளத்தில் இனி யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

10. கிளம்பும் முன் கூட்டம்

அன்றே, அரை மணி நேரம். பெரிய குறைகளை மட்டும், படத்தோடு. அறிக்கையில் வரப்போகும் எந்தக் கடுமையான விஷயமும் இந்தக் கூட்டத்தில் கேட்காததாக இருக்கக் கூடாது. தலைமை அலுவலகம் கேட்ட பிறகு தெரிந்துகொள்ளும் புராஜெக்ட் மேனேஜர், சரிசெய்வதை விட்டுவிட்டு உங்களை மறுப்பதில் இறங்குவார்.

11. அறிக்கை

இரண்டு மூன்று நாளுக்குள் போக வேண்டும். வாரம் கழித்துப் போனால் அந்தச் சிலாபே முடிந்திருக்கும். ஒவ்வொரு குறையிலும் இடம், கண்டது, அதனால் நடக்கக்கூடியது, செய்ய வேண்டியது, யார், எந்தத் தேதிக்குள் என்பவை இருக்க வேண்டும்.

புதியவர் எழுதுவது: "உயரத்தில் பாதுகாப்பு நடைமுறைகள் முறையாகப் பின்பற்றப்படவில்லை. மேம்படுத்தவும்." இதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. எழுத வேண்டியது: "பி பிளாக், 5-ஆம் தளம், சி4 தூண் அருகே டக்ட் கட்அவுட் (சுமார் 1.2 × 0.9 மீட்டர்) திறந்திருந்தது, இரண்டு பேர் அதை ஒட்டிப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தனர். விழுந்தால் 15 மீட்டர். பிணைத்த மூடி இன்றே. எல்லாத் தளக் கட்அவுட்டுகளுக்கும் மூடி வைத்தபின்தான் பூச்சு ஆட்களை அனுப்புவது: பிளாக் இன்ஜினியர், வெள்ளிக்குள்." கடைசி வாக்கியம்தான் குறையின் வேரைத் தொடுகிறது.

தரவரிசை மூன்று போதும்: உடனே, ஒரு வாரம், ஒரு மாதம். மதிப்பெண் கேட்பார்கள், தராதீர்கள். 92 சதவீதம் என்று போட்டால் அதைச் சட்டகம் போட்டு மாட்டுவார்கள், மிச்ச எட்டில்தான் லிஃப்ட் குழி இருக்கும். பழைய அறிக்கையை நகலெடுத்து எழுதுபவர்கள் பிடிபடுவது, இல்லாத டவர் கிரேனைப் பற்றி ஒரு பத்தி தங்கிவிடும்போது. பார்க்காத பகுதிகளைப் பட்டியலிடுங்கள். தேதியும் நேரமும் ஒவ்வொரு பக்கத்திலும்.

12. சரிசெய்ததைச் சரிபார்ப்பது

படம் அனுப்புவார்கள். கோணம் மாற்றி, வேறு தளத்தின் தடுப்பைக் காட்டும் படங்களும் அதில் இருக்கும். ஆகவே 'உடனே' வகையை நேரில் பாருங்கள், மற்றதைப் படத்தில் ஏற்கலாம். அதே குறை வேறு இடத்தில் மீண்டும் வந்தால் அதைப் புதுக் குறையாக எழுதாமல் 'மூன்றாம் முறை' என்று எழுதுங்கள். ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் அந்த இரண்டு சொல்தான் படிக்கப்படும்.

13. பணம், விலகல், கோப்பு

அறிக்கை அனுப்பும் அன்றே பில்லையும் அனுப்புங்கள். பில்லில் உத்யம் எண் இருக்கட்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு அது தெரியும், உங்களுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். "ரெண்டு பாயின்ட் எடுத்துடுங்க, பில் பாஸ் பண்ணிடலாம்" என்று வந்தால், உண்மைப்பிழை இருந்தால் மட்டும் திருத்துங்கள். திருத்திய பதிப்புக்குப் புது எண் கொடுத்துப் பழையதையும் வைத்திருங்கள்.

ஆய்வு செய்யும் தளத்துக்கு வலை, பெல்ட், பயிற்சி எதையும் விற்காதீர்கள், கமிஷனும் வேண்டாம். 'வலை போடவும்' என்று நீங்கள் எழுதியதை அதன் பிறகு யாரும் பாதுகாப்புக் குறிப்பாகப் படிக்க மாட்டார்கள்.

'உடனே' வகைக் குறை ஒன்று மூன்றாம் முறையும் திறந்தே கிடந்தால், மாத ஒப்பந்தத்தை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கடிதத்தில் திறந்திருக்கும் குறைகளின் பட்டியல் போகட்டும். பணிக் கடிதம், படங்கள், அன்றைய செய்திகள், அறிக்கையின் எல்லாப் பதிப்புகள், இந்தக் கடைசிக் கடிதம் ஆகியவற்றைத் தளவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். கட்டடம் முடிந்து ஆட்கள் குடியேறிய பிறகும் அந்தக் கோப்பை அழிக்காதீர்கள்; தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும், சம்மன் உங்கள் வீட்டுக்கும் வரலாம்.